ரேம் மாற்றியபின் கம்ப்யூட்டர் தகராறு செய்தால்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வரிசை

புது ரேம் போட்டாயிற்று. ஸ்கிரீன் வரவில்லை, அல்லது வந்து, அரை மணி நேரத்தில் ப்ளூ ஸ்கிரீன் விழுகிறது. உடனே பலரும் ஸ்டிக்கைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் தன் மதர்போர்டில் போட்டுப் பார்ப்பார், ஓடும், திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து போட்டால் மறுபடியும் அதே தொல்லை.

கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. ஸ்டிக் நல்லது, ஸ்லாட் நல்லது, ப்ராசஸரும் நல்லது. மூன்றும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓட முடியவில்லை என்பதே பல நேரம் உண்மை. அதனால் முதலில் தேட வேண்டியது, எந்தப் பாகம் கெட்டது என்பதை அல்ல, எந்த நிலையில் பிழை வருகிறது, எந்த நிலையில் நிற்கிறது என்பதை.

ஒரு விதி மட்டும் கடைசிவரை மாறாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எடுத்துக்காட்டுக்கு ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 போர்டு, ஏற்கெனவே இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் உள்ள கம்ப்யூட்டரில் மேலும் இரண்டு ஸ்டிக் சேர்ப்பதை எடுத்துக்கொள்வோம். இன்டெல்லுக்கும், அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-க்கும் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. கேபினெட்டைத் திறப்பதற்கு முன்

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 2 ஜிபிக்குக் குறையாத காலி பென் டிரைவ், மென்மையான பிரஷ், வெள்ளை ரப்பர், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், போனில் கேமராவும் டார்ச்சும். கூடவே, பழைய ரேம். அதை விற்றுவிடாதீர்கள். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஸ்டிக் ஒன்றாவது கையில் இருந்தால்தான் மற்றதைச் சோதிக்க முடியும்.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, அதன் ரெக்கவரி கீயை முதலிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள். பயாஸை (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருள்) ரீசெட் செய்தாலோ அப்டேட் செய்தாலோ விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் கீ பதிவாகியிருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் நீலத் திரையில் நிற்கும்போது பாஸ்வேர்டை நினைவுபடுத்திக்கொண்டு தேடுவது பெரும்பாடு.

அடுத்தது பேக்கப். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பிழையுள்ள ரேமோடு காப்பி எடுத்தால், படிக்கும் ஒவ்வொரு ஃபைலும் அந்த ரேம் வழியாகத்தான் போகிறது. காப்பியும் கெட்டுப்போகும், கெட்டதென்று எந்த எச்சரிக்கையும் வராது. பழைய ரேமை மட்டும் போட்டு, அது ஓடும்போது காப்பி எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் பேக்கப்பின் மேல் எழுதாதீர்கள், வேறு ஃபோல்டரில் எடுங்கள்.

விண்டோஸை அணைக்கும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். சாதாரண ஷட்டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ரேமை மாற்றும்போது அந்தப் பழைய பதிவு குறுக்கே வர வேண்டாம்.

2. அறிகுறியைச் சரியாகப் படியுங்கள்

ஸ்கிரீனே வரவில்லை என்றால் போர்டில் எரியும் சின்ன எல்இடியைப் பாருங்கள். பல போர்டுகளில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என நான்கு இருக்கும். டிராமில் நின்றால் ரேம், ஸ்லாட், ப்ராசஸர் சாக்கெட் ஆகிய மூன்றில் ஒன்று. ஆனால் டிடிஆர்5 போட்ட, ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டாக இருந்தால் உடனே பதறாதீர்கள். ரேமை மாற்றியபின் முதல் முறை போர்டு மெமரி ட்ரெயினிங் செய்யும், அதாவது அந்த ரேமோடு எப்படிப் பேசுவது என்று பழகும்; ஸ்கிரீன் கறுப்பாகவே பல நிமிடம் இருக்கும். 15 நிமிடமாவது காத்திருங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே ஸ்விட்சை அணைத்துவிட்டு, திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஓடவிடுபவர்கள்தான் அதிகம்.

விண்டோஸ் வந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் ப்ளூ ஸ்கிரீன் விழுந்தால் ரேம் பக்கம் சந்தேகம் வலுக்கும். இன்றைக்கு மெமரி மேனேஜ்மென்ட், நாளைக்கு பேஜ் ஃபால்ட், மறுநாள் ஐஆர்கியூஎல் என்று மாறி மாறி வரும். எப்போதும் ஒரே பெயர், ஒரே டிரைவர் ஃபைல் என்றால் அந்த டிரைவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது சிஆர்சி பிழை (ஃபைலைச் சரிபார்க்கும் எண் பொருந்தாதது) வருகிறது, அதே ஃபைலை மறுபடி பிரித்தால் வரவில்லை என்றால், அது மிக நல்ல தடயம். ஃபைல் கெட்டிருந்தால் இரண்டு முறையும் வந்திருக்கும்.

ரேம் பிழை என்று தவறாக நினைக்கப்படுபவை மூன்று. ‘போதிய மெமரி இல்லை’ என்று விண்டோஸ் சொல்வது பழுது அல்ல, இடப் பற்றாக்குறை. யாராவது பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) அணைத்து வைத்திருப்பார்கள். ஒரே ஒரு ப்ரோகிராமில் மட்டும் ‘இந்த மெமரியைப் படிக்க முடியவில்லை’ என்று வருவது பெரும்பாலும் அந்த ப்ரோகிராமின் கோளாறு. மூன்றாவது, 3200 ரேம் போட்டும் சிபியூ-இசட் ப்ரோகிராமில் 1600 என்று காட்டுவது. அது சரியான கணக்குதான், ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது.

3. இந்த ஸ்டிக் இந்தப் போர்டுக்குரியதா?

ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் லேபிளை டார்ச் அடித்துப் படியுங்கள். பிசி4 என்றால் டிடிஆர்4, பிசி5 என்றால் டிடிஆர்5. இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்று அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

லேபிளில் வேகத்துக்குப் பிறகு ஒரு கோடு போட்டு எழுத்து வரும். ‘யூ’ என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம், ‘எஸ்’ என்றால் லேப்டாப், ‘ஆர்’ என்றால் சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ரேம். செகண்ட் ஹேண்டில் 16 ஜிபி டிடிஆர்4 நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் முதலில் இந்த எழுத்தைப் பாருங்கள். டிடிஆர்4 சர்வர் ஸ்டிக் டெஸ்க்டாப் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது. பழைய டிடிஆர்3 போர்டுக்கு வாங்குபவர்கள் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று விற்கப்படும் மலிவு 8 ஜிபி ஸ்டிக்குகளைத் தவிர்க்க வேண்டும்; இன்டெல் போர்டில் அவை எழாது.

அதே லேபிளில் 1ஆர் அல்லது 2ஆர் என்று இருக்கும். ரேங்க், அதாவது ஒன்றாக இயங்கும் சிப் தொகுப்பு, எத்தனை என்பதன் குறி அது. குறித்து வையுங்கள், 9ஆம் படியில் தேவைப்படும்.

4. எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள்

பயாஸுக்குள் போய் லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் கொடுத்து, சேமித்து வெளியே வாருங்கள். எக்ஸ்எம்பி (பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ரேமை ஓட்டும் அமைப்பு) அணைய வேண்டும். சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி, ஏஎம்டி டிடிஆர்5-இல் எக்ஸ்போ. ப்ராசஸருக்குக் கொடுத்த ஓவர்க்ளாக், அண்டர்வோல்ட், கர்வ் ஆப்டிமைசர் எல்லாமே அணையட்டும்.

இதற்குக் காரணம் உண்டு. பெட்டியில் 3600 என்று அச்சிட்டிருப்பது ஸ்டிக்கின் இயல்பு வேகம் அல்ல. எக்ஸ்எம்பி அணைந்தால் அதே ஸ்டிக் 2133, 2400 அல்லது 2666-இல், 1.2 வோல்ட்டில் ஓடும். 3600-உம் 1.35 வோல்ட்டும் ஒருவகை ஓவர்க்ளாக்தான். இயல்பு வேகத்தில் பிழை நின்றுவிட்டால் ஸ்டிக் அநேகமாக நல்லது, தேட வேண்டியது வேகத்தில். இயல்பு வேகத்திலும் பிழை வந்தால் ஏதோ ஒன்று உண்மையிலேயே பழுது, அல்லது சரியாக உட்காரவில்லை. முழு வேலையும் இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது.

ஸ்கிரீனே வராவிட்டால் சிமோஸை, அதாவது பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் இடத்தை, அழிக்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்து, நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை 5 நிமிடம் கழற்றி வையுங்கள். போர்டில் இதற்கென்றே இரண்டு பின் இருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் 10 விநாடி இணைத்தாலும் போதும், ப்ளக் வெளியே இருக்க வேண்டும்.

5. கழற்றி மறுபடி உட்கார வையுங்கள்

புதிதாகப் போடுபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

ப்ளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீர்கள். எர்த் இல்லாத ஸ்விட்ச் போர்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கேபினெட்டில் மின்கசிவு ஏறி நிற்கும். தொட்டால் சுருக்கென்று அடிப்பது அதனால்தான். ப்ளக்கைப் பிடுங்கியபின் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்டிக்கைக் கழற்றித் தங்க நிற விளிம்பைப் பாருங்கள். மங்கலாக, விரல் ரேகையோடு இருந்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் நீளவாக்கில் துடைத்துக் காயவிடுங்கள். கறை போகவில்லை என்றால் மட்டும் வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரு முறை தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, பிறகு ஆல்கஹால். ரப்பரை அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுக் கோளாறு. ஸ்லாட்டை பிரஷால் தட்டி எடுங்கள், வாயால் ஊதாதீர்கள், ஈரம் போகும்.

இரண்டு ஸ்டிக் என்றால் எந்த ஸ்லாட்? நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். ஏ1, ஏ2 ஒரு சேனல் (ப்ராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் தனித் தடம்), பி1, பி2 இன்னொரு சேனல். ஒவ்வொரு சேனலிலும் தரவுக் கம்பிகள் முதல் ஸ்லாட்டைத் தொட்டு, கடைசி ஸ்லாட்டில் முடிகின்றன. கடைசியில் ஸ்டிக் இல்லாமல் முதலில் மட்டும் போட்டால், மீதிக் கம்பி சும்மா தொங்கிக்கொண்டு சிக்னலை எதிரொலிக்கும். இயல்பு வேகத்தில் தெரியாது, எக்ஸ்எம்பியில் தெரியும்.

அழுத்தும் முறை: வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரண்டு கட்டைவிரலையும் ஸ்டிக்கின் இரு முனைகளில் வைத்து, ஒரே சீராக அழுத்துங்கள். கிளிப் தானாக மேலேறி ‘டக்’ என்று பூட்ட வேண்டும். நீங்கள் கிளிப்பைக் கையால் தள்ளிப் பூட்டினால் ஸ்டிக் முழுதாக இறங்கவில்லை என்று பொருள். பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் அசையும். கிராபிக்ஸ் கார்டு பக்கத்து முனை வெறும் பள்ளம். ‘டக்’ சத்தம் கேட்ட மகிழ்ச்சியில் அந்தப் பள்ளத்து முனையை விட்டுவிடுகிறார்கள். அங்கே அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் சில பின்கள் தொடாது. டார்ச் அடித்து பக்கவாட்டில் பாருங்கள்: தங்கக் கோடு ஒரு முனையில் தெரிந்து மறுமுனையில் மறைந்தால் ஸ்டிக் சாய்ந்திருக்கிறது.

பெரிய ஏர் கூலர் இருந்தால், அதன் ஃபேன் ஏ1 அல்லது ஏ2 ஸ்டிக்கை மேலிருந்து அழுத்துகிறதா, பக்கவாட்டில் தள்ளுகிறதா என்பதையும் பாருங்கள்.

6. சோதனை ஓட்டுங்கள்

விண்டோஸுக்குள் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் அவசரத்துக்கு உதவும். அது பிழை காட்டினால் நம்பலாம், காட்டாவிட்டால் நம்ப முடியாது. முழுச் சோதனைக்கு, பென் டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்யும் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ வேண்டும். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு. முன்னதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நிற்கும். பின்னது திறந்த மூலம், நிறுத்தும்வரை ஓடும். மெம்டெஸ்ட்86+ எடுத்தால் பதிப்பு 6-க்கு மேல் எடுங்கள். பழைய 5 வரிசை, புதுவகை பயாஸான யூஈஎஃப்ஐ மட்டும் உள்ள போர்டில் ஓடாது. பூட் ஆக மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணையுங்கள்.

நான்கு சுற்றாவது முடியட்டும். 16 ஜிபிக்குச் சில மணி நேரம், 32 ஜிபிக்கு அதைவிட அதிகம். இரவில் ஓடவிடுவதென்றால் யூபிஎஸ்ஸில் போடுங்கள். நடுவில் கரண்ட் போனால் முடிவே கிடைக்காது. ஒரே ஒரு சுற்று பிழையில்லாமல் முடிந்ததும் ‘ரேம் நல்லது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

எத்தனை பிழை வரலாம்? பூஜ்யம். ஒன்று வந்தாலும் தோல்விதான். ஒரே விதிவிலக்கு மெம்டெஸ்ட்86-இன் 13ஆம் சோதனை. அது ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டி, பக்கத்து வரிசை கலைகிறதா என்று பார்க்கும் ஹேமர் சோதனை. மற்ற எல்லாம் தேறி இது மட்டும் தோற்றால், அன்றாடப் பயன்பாட்டில் தொல்லை இருக்காமல் போகலாம்.

பிழை வரியைப் போனில் படம் எடுங்கள், அதில் செய்தி இருக்கிறது. எழுதியது 00000000, திரும்ப வந்தது 00000400 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிட் மாறியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரியில் அதே பிட் மாறினால், சிப்பில் ஒரு செல் செத்துவிட்டது. வோல்டேஜை ஏற்றி அதைப் பிழைக்க வைக்க முடியாது. முகவரியும் பிட்டும் ஒவ்வொரு முறை வெவ்வேறாகச் சிதறினால் வேகம், வோல்டேஜ், தொடர்பு, ப்ராசஸரின் மெமரி கன்ட்ரோலர் (ரேமோடு பேசும் பகுதி) என்று பாருங்கள்.

முகவரியை வைத்து எந்த ஸ்டிக் என்று ஊகிக்க வேண்டாம். இரண்டு சேனலிலும் தரவு மாறி மாறிப் பரவியிருக்கும், ‘முதல் 8 ஜிபி முதல் ஸ்டிக்கில்’ என்ற கணக்கு செல்லாது.

7. ஸ்டிக்கா, ஸ்லாட்டா, கூட்டணியா

முடிவு சொல்லும் படி இதுதான். பொறுமையாகச் செய்தால் ஒரு நாள் பிடிக்கும், அவசரப்பட்டால் ஒரு மாதம் இழுக்கும்.

ஸ்டிக்குகளுக்கு மார்க்கரால் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டிக் குறியிடுங்கள், உற்பத்தியாளர் லேபிளின் மேல் எழுதாதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஏ2 ஸ்லாட்டில் 1ஆம் ஸ்டிக்கை மட்டும் போட்டு, இயல்பு வேகத்தில் சோதனை. பிறகு அதே ஏ2-வில் 2, 3, 4. ஸ்லாட் மாறக் கூடாது. மாறுவது ஸ்டிக் மட்டுமே.

ஒரு ஸ்டிக் மட்டும் தோற்றால் உடனே குப்பையில் போடாதீர்கள். அதை பி2-வில் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அங்கேயும் தோற்றால் ஸ்டிக் பழுது, ஐயமில்லை. அங்கே தேறினால் ஏ2-வில் சரியாக உட்காரவில்லை. துடைத்து, அழுத்தி, மறுபடி.

நான்கும் ஏ2-வில் தேறிவிட்டன என்றால், தேறிய ஒரு ஸ்டிக்கை எடுத்து மற்ற மூன்று ஸ்லாட்டிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இப்போது மாறுவது ஸ்லாட். ஏ1, பி1-இல் தனி ஸ்டிக்கோடு எழ மறுக்கும் போர்டுகள் உண்டு. அதனால் அந்த இரண்டுக்கும், எழவில்லை என்றால் ஏ2-விலும் ஒரு ஸ்டிக் போட்டே சோதியுங்கள். குறிப்பிட்ட ஸ்லாட்டில் எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் தோற்றால் 8ஆம் படிக்குப் போங்கள்.

எல்லா ஸ்டிக்கும் தேறி, எல்லா ஸ்லாட்டும் தேறி, நான்கையும் ஒன்றாகப் போட்டால் மட்டும் பிழை. இதுதான் அதிகம் காணக் கிடைப்பது. எதுவும் பழுது இல்லை, கன்ட்ரோலரின் மேல் சுமை அதிகம். ஒரு சேனலில் ஒரு ஸ்டிக்குக்குப் பதில் இரண்டைத் தள்ள வேண்டியிருக்கிறது. இரண்டும் வேறு கம்பெனி சிப்பாக இருந்தால் அவற்றின் நேரக் கணக்கும் வேறு. ‘அதே மாடல்தானே வாங்கினேன்’ என்பார்கள். ஒரே மாடல் எண்ணில் ஆறு மாத இடைவெளியில் வேறு சிப் வருவது சகஜம். எக்ஸ்எம்பிக்கு உத்தரவாதம் ஒரே பெட்டியில் வந்த ஜோடிக்குத்தான், இரண்டு பெட்டிகளைச் சேர்த்து அல்ல.

அதனால் புதிதாக வாங்குபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது: 16 ஜிபியோடு இன்னொரு 16 ஜிபியைச் சேர்ப்பதைவிட, 32 ஜிபி ஜோடி ஒன்றை வாங்கிப் பழையதை விற்பது நல்லது. டிடிஆர்5-இல் இது இன்னும் கண்டிப்பு.

8. ஒரு ஸ்லாட் அல்லது ஒரு சேனல் மட்டும் செத்திருந்தால்

பி சேனல் முழுவதும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்லாட்டைவிட ப்ராசஸர் சாக்கெட்டின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள் இருக்கிறது. சாக்கெட்டில் ஒரு பின் தொடாவிட்டாலும் ஒரு சேனல் போய்விடும். ப்ராசஸரையோ கூலரையோ சேர்த்து மாற்றியவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் கூலர் ஸ்க்ரூக்களைக் கால் சுற்று தளர்த்தி, எதிரெதிர் மூலையாகச் சீராக இறுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் இறுகினால் ப்ராசஸர் சாய்ந்து, மறுபக்கத்துத் தொடர்பு விலகும்.

தீராவிட்டால் ப்ராசஸரை எடுங்கள். ஏஎம்4-இல் (ரைசன் 5 5600 உட்காரும் சாக்கெட்) பின்கள் ப்ராசஸரில் இருக்கின்றன. கூலரை நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு ப்ராசஸரும் பிய்த்துக்கொண்டு வரும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகிப் பிறகு தூக்குங்கள். ஏஎம்5, இன்டெல்லின் எல்ஜிஏ1700 போன்ற சாக்கெட்டுகளில் பின்கள் போர்டில் இருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எல்லாப் பின்னும் ஒரே திசையில் மின்னும். வளைந்தது மட்டும் மின்னாமல் தனியாகத் தெரியும். கை நடுங்குமென்றால் அதை நிமிர்த்தும் வேலையைச் செய்துபழகியவரிடம் கொடுத்துவிடுங்கள். நிமிர்த்தும்போது ஒடிந்தால் போர்டு போயிற்று.

9. வேகத்தை ஏற்றும் வரிசை

இயல்பு வேகத்தில் நான்கு சுற்று தேறியபின்தான் இங்கே வர வேண்டும்.

முதல் வேலை பயாஸ் அப்டேட். ரேமை எப்படிப் பழக்குவது என்ற கணக்கு பயாஸுக்குள்தான் இருக்கிறது. புதிய பதிப்பு பல பொருத்தச் சிக்கல்களைத் தீர்க்கும். 24, 48 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகளைப் பழைய பயாஸ் அடையாளமே காணாமல் போகலாம். ஆனால் எக்ஸ்எம்பி ஓடும் நிலையில், பிழை வரும் ரேமோடு பயாஸை எழுதாதீர்கள். கெட்ட பிட் ஒன்று பயாஸ் சிப்புக்குள் போனால் போர்டே எழாது. இயல்பு வேகம், முடிந்தால் ஒற்றை ஸ்டிக், கூடவே யூபிஎஸ்.

அடுத்து எக்ஸ்எம்பியைப் போட்டுச் சோதியுங்கள். தேறினால் 10ஆம் படி.

தோற்றால் டைமிங், வோல்டேஜ் எதையும் தொடாமல் வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள்: 3600 என்றால் 3466, பிறகு 3333, பிறகு 3200. எதில் நிற்கிறதோ அங்கே நின்றுவிடலாம். இதில் இழக்கும் வேகம் அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரியாது.

எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே ஓரளவு தெரியும். ரைசன் 5000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 3200. நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால் 1ஆர் ஸ்டிக்குகளுக்கு 2933, 2ஆர் என்றால் 2666. ரைசன் 7000-இல் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600 மட்டுமே. அதற்கு மேல் ஓடினால் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் பழுது அல்ல. 6000 எக்ஸ்போ ஜோடி இரண்டை வாங்கி நான்கையும் 6000-இல் ஓட்ட முயல்பவர்கள் இந்தக் கணக்கை வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

இன்டெல்லில் சில போர்டுகள் வேகத்தைப் பூட்டியே வைத்திருக்கும். ஹெச்410, பி460 போர்டில் 10ஆம் தலைமுறை ஐ5 போட்டால் 3200 ரேமும் 2666-இல்தான் ஓடும்.

வேகத்தை இறக்க மனமில்லை என்றால் ஒவ்வொன்றாக முயலலாம்:

கமாண்ட் ரேட்டை 2டி ஆக்குங்கள். நான்கு ஸ்டிக்குக்கு இது பெரும் உதவி. கட்டளை நிலைபெறக் கூடுதலாக ஒரு துடிப்பு கிடைக்கிறது. ரைசனில் கியர் டவுன் மோடு இயங்கட்டும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல், கியர் 1-இல் (கன்ட்ரோலர் ரேமின் வேகத்திலேயே ஓடுவது) தோற்றால் கியர் 2 (கன்ட்ரோலர் பாதி வேகத்தில் ஓடுவது).

டிடிஆர்4 வோல்டேஜை 1.35-இலிருந்து 1.37, பிறகு 1.40. பெட்டியிலேயே கூடுதலாக எழுதியிருந்தால் தவிர, 1.40-ஐத் தாண்ட வேண்டாம்.

ரைசனில் 3600-க்கு மேல் போகிறீர்கள் என்றால் எஃப்கிளாக்கைக் (ப்ராசஸரின் உள்தடம் ஓடும் வேகம்) கவனியுங்கள். 3600-க்கு அது 1800. 3800-க்கு 1900 ஆகும்போது பல ப்ராசஸர்கள் தாங்குவதில்லை. அப்போது ரேமில் பிழை இருக்காது, விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் என்ற பெயரில் ஹார்டுவேர் பிழை எச்சரிக்கைகள் வரிசையாக விழும்.

எஸ்ஓசி வோல்டேஜில் (மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) மட்டும் கை வைக்கும்போது கவனம். ஏஎம்4-க்கு 1.1 வரை போதும். ஏஎம்5-இல் 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில எரிந்தபின் ஏஎம்டி உச்ச வரம்பை 1.3 வோல்ட்டாகக் கட்டியது. அதற்கு முந்தைய பயாஸ் உங்கள் போர்டில் இருந்தால் எக்ஸ்போவைத் தொடும் முன்பே அப்டேட் செய்யுங்கள்.

10. சூட்டில் சோதியுங்கள்

மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு தூங்கும், கேபினெட் குளிர்ந்திருக்கும். கேம் ஓடும்போது அதே கார்டின் சூடான காற்று நேராக ரேமின் மேல் அடிக்கும். ரேம் செல் ஒரு சின்ன மின்தேக்கி. சூடு ஏற ஏற மின்னூட்டம் வேகமாகக் கசியும். இரவு ஏசி அறையில் தேறிய அமைப்பு மே மாத மதியத்தில் தோற்பது இதனால்தான்.

ஆகவே விண்டோஸுக்குள் ஓசிசிடி-யின் மெமரி சோதனை அல்லது பிரைம்95-இன் லார்ஜ் எஃப்எஃப்டியை ஒரு மணி நேரம், கூடவே கிராபிக்ஸ் கார்டுக்கும் சுமை கொடுத்து ஓட்டுங்கள். அறை எவ்வளவு சூடாக இருக்கும் நேரமோ அப்போதே. டிடிஆர்5 ஸ்டிக்கின் வெப்பநிலையை ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பார்க்கலாம். சூட்டில் மட்டும் தோற்றால் கேபினெட்டின் முன்பக்க ஃபேனைச் சரிசெய்யுங்கள், அல்லது வோல்டேஜை ஏற்றியிருந்தால் இறக்குங்கள்.

11. ரேம் தேறியும் தொல்லை தீரவில்லையா

புது கிராபிக்ஸ் கார்டும் சேர்த்துப் போட்டிருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். கார்டின் இரண்டு பவர் முனைகளுக்கும் ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டியிருந்தால், தனித்தனி கேபிளாக மாற்றுங்கள்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸரா? கேம் தொடங்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வருகிறதா? பல நேரம் அது ரேமும் அல்ல, கிராபிக்ஸ் கார்டும் அல்ல. அந்தத் தலைமுறையில் அதிக வோல்டேஜால் ப்ராசஸர் தேய்வதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் திருத்தங்களை பயாஸ் வழியாகக் கொடுத்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. திருத்தம் மேலும் தேயாமல் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது, ப்ராசஸரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

16 ஜிபி போட்டு 8 ஜிபி மட்டும் தெரிந்தால் டாஸ்க் மேனேஜரில் ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ எவ்வளவு என்று பாருங்கள். பல ஜிபி காட்டினால் எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பகுதியின் மேம்பட்ட அமைப்பில் ‘மேக்ஸிமம் மெமரி’ டிக் விழுந்திருக்கும், எடுத்துவிடுங்கள். பயாஸிலேயே 8 தான் தெரிகிறதென்றால் 5ஆம் படிக்குத் திரும்புங்கள்.

12. கெட்டதைச் சரிசெய்வதும் வாரன்டியும்

பிழையுள்ள ரேமோடு விண்டோஸ் ஓடிய நாட்களில் சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கலாம். ரேம் சரியான பிறகும் ப்ளூ ஸ்கிரீன் தொடர்வதற்கு இதுவே காரணம். விண்டோஸின் சீர்செய்யும் கட்டளைகள் மூன்றை இந்த வரிசையில் ஓட்டுங்கள்: முதலில் டிஐஎஸ்எம் ரீஸ்டோர் ஹெல்த், பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், கடைசியில் செக்டிஸ்க். டிஐஎஸ்எம் முதலில் வருவதற்குக் காரணம், எஸ்எஃப்சி நல்ல ஃபைலை எடுக்கும் கிடங்கையே அது சீர்செய்கிறது. விண்டோஸையே அந்த ரேமோடு இன்ஸ்டால் செய்திருந்தால் இதெல்லாம் வேண்டாம், புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

ஸ்டிக் பழுது என்று 7ஆம் படியில் உறுதியானால், ஜோடியில் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்து வாரன்டிக்குக் கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வேறு சிப் வந்து, ஜோடி பிரிந்துவிடும். பில், பெட்டி, பிழை வரியின் படம், இரண்டு ஸ்லாட்டிலும் அந்த ஸ்டிக் தோற்றதைக் காட்டும் படம் எல்லாம் கையில் இருக்கட்டும். ‘எங்கள் போர்டில் ஓடுகிறதே’ என்று சொன்னால், விண்டோஸ் வருவதைப் பார்த்து முடிவு செய்யாமல் மெம்டெஸ்ட்டை நான்கு சுற்று ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். ஹீட் ஸ்ப்ரெடரைப் பிரித்திருந்தாலோ லேபிளைக் கிழித்திருந்தாலோ வாரன்டி கிடைக்காது.

மாற்றி வரும் ஸ்டிக்கில் வேறு சிப் இருக்கலாம். பழைய எக்ஸ்எம்பி அமைப்போடு அப்படியே செருகாமல், பயாஸை இயல்புக்குக் கொண்டுவந்து, 5ஆம் படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.